கொள்ளைக் கூட்டத்தில் ஓர் இடம்

(தில்லி முனிர்காவில், குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் கூடிய தமிழ் அன்பர்களிடையே ஒரு மாசி மாத மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தை மாதக் கடைசியில் இதே முனிர்காவில் ஒரு நண்பர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் அந்த வீட்டுப் பெண் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டினாள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துத் தாம்பா நகரம். பாய்மரக் கப்பல் ஒன்று துறைக்குள் வருகிறது. தளம் முழுக்கக் கடற்கொள்ளையர். தலையில் சிவப்புத் துணி, ஒற்றைக் கண்ணுக்குக் கறுப்பு மூடி, இடுப்பில் வளைந்த கத்தி. கரையில் நிற்கும் கூட்டத்துக்கு மணிமாலைகளை வாரி வீசுகிறார்கள். ஊரின் சாவி கொள்ளைக்காரர்கள் கைக்குப் போகிறது. அவள் கேட்டாள்: "மாமா, இவங்க எல்லாம் நிஜத்துல ஆபீஸ் போறவங்களாம். இவ்வளவு பெரியவங்க எதுக்கு மாமா கொள்ளைக்காரன் வேஷம் போட்டுக்கறாங்க?"

இலையில் ரசம் ஆறிக்கொண்டிருந்தது. பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இன்று சொல்கிறேன். அவளும் வந்திருக்கிறாள்.

தாம்பா விழாவின் பெயர் காஸ்பரில்லா. 1904-இல் தொடங்கியது. ஹொசே காஸ்பர் என்ற கடற்கொள்ளைக்காரன் பெயரால் நடக்கிறது. அப்படி ஒருவன் வாழ்ந்ததற்கு அவன் காலத்து ஆவணம் எதுவும் கிடையாது. இல்லாத கொள்ளைக்காரனுக்காக ஒரு நகரம் நூறாண்டுக்கு மேலாகக் கப்பல் ஏறுகிறது! இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில் 2012-இல் 14,000-க்கும் மேற்பட்டவர்கள் ஒரே இடத்தில் கொள்ளையர் வேடத்தில் கூடி உலக சாதனை படைத்தார்கள். இந்த இரண்டும் திருவிழாக்கள். இவை போக, மேலை நாடுகளில் சிறு சிறு குழுக்கள் இருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கப்பலாட்கள் எப்படி உடுத்தினார்கள், எப்படி முடிச்சுப் போட்டார்கள், எதைத் தின்றார்கள் என்று தேடித் தேடி, அதே மாதிரி உடுத்தி, வார இறுதிகளைக் கூடாரத்தில் கழிக்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. ஆனால் அதில் அவர்கள் காட்டும் கவனத்தைப் பார்த்தால் பொழுதுபோக்கு என்ற சொல் போதவில்லை.

ஏன் இதில் ஈடுபடுகிறார்கள் என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில்கள் நமக்குத் தெரியும். சுதந்திர ஆசை, கடல் மோகம், சினிமா. எல்லாம் சரிதான். ஆனால் ஒன்று ஏன் பிடிக்கிறது என்பதற்குத்தான் அவை பதில். பிடிப்பது வேறு, போய்ச் சேர்வது வேறு. கொள்ளையர் படம் கோடிப் பேருக்குப் பிடிக்கிறது. அதில் ஒருவன் மட்டும் ஏன் எழுந்து போய் இடுப்பில் கத்தி செருகிக்கொள்கிறான்? எனக்குத் தெரிந்த விடை தாம்பாவில் இல்லை. சீர்காழிக்குப் பக்கத்தில் திருநகரியில் இருக்கிறது.

அங்கே பங்குனி உத்திரத்தை ஒட்டி, இரவில், வேடுபறி என்ற உற்சவம் நடக்கும். வேடுபறி என்றால் வழிப்பறி. ஆழ்வார்களில் ஒருவரான திருமங்கையாழ்வார் பெருமாளையே வழிமறித்துக் கொள்ளையடித்த கதையை ஊரே சேர்ந்து நடித்துக் காட்டும். நான் அந்தப் பக்கத்துப் பிள்ளை. முதல் முறை போனபோது எனக்கு ஒன்பது வயது. கதை தெரியாது, ஆழ்வார் யார் என்றும் தெரியாது. தாய்மாமன் ஒரு பித்தளைச் சொம்பை என் கையில் கொடுத்தார். உள்ளே எண்ணெய். "பந்தம் அணையாம ஊத்திக்கிட்டே வரணும்டா, கீழ சிந்தினா அடுத்த வருஷம் கிடையாது" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த உபதேசம். அந்த ஒரு வாக்கியத்தில் நான் கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன்.

தில்லியில் பிறந்த பிள்ளைகளுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீலன் என்று ஒரு வீரன். திருவாலி திருநகரிக்கு அருகே திருக்குறையலூரில் பிறந்தவன். சோழனுக்குப் படைத்தலைவனாகி, குறுநில மன்னனாகி, குமுதவல்லி என்ற பெண்ணை விரும்பினான். அவள் நிபந்தனை போட்டாள். வைணவனாக வேண்டும், ஓராண்டு காலம் நாள்தோறும் 1008 அடியார்களுக்கு அமுது படைக்க வேண்டும். நீலன் ஒப்புக்கொண்டான். பந்தி நடந்தது, களஞ்சியம் காலியானது. அரசனுக்குக் கட்ட வேண்டிய கப்பப் பணமும் சோறாகப் போனது. கடைசியில் கையிலிருந்தது வாள் ஒன்றுதான். வழியில் போகிறவர்களைப் பறித்துப் பந்தி நடத்தினான்.

அவனோடு நான்கு கூட்டாளிகள். நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலாவழக்கன். பெயரைச் சொன்னாலே தொழில் தெரியும். தண்ணீரின் மேல் நடந்து போவான் ஒருவன். அடுத்தவன் பிறர் நிழலில் ஒளிந்துகொள்வான். மூன்றாமவன் ஊதியே பூட்டைத் திறப்பான். நான்காமவனை வாதத்தில் வெல்ல ஆள் கிடையாது. ஒரு கொள்ளைக் கூட்டத்துக்கு இதைவிடத் துல்லியமாக ஆள் சேர்த்தவர்களை எந்த நாட்டுக் கதையிலும் நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் பெருமாளே மணமகனாக நகை பூட்டிக்கொண்டு தாயாரோடு அந்த வழியே வந்தார். கூட்டம் பாய்ந்தது. எல்லா நகையும் கழன்றது, கால்விரல் அணி மட்டும் கழலவில்லை. நீலன் குனிந்து பல்லால் கடித்து எடுத்தான். அந்த மிடுக்கைப் பார்த்துத்தான் பெருமாள் அவனுக்குக் கலியன் என்று பெயர் வைத்தார் என்பார்கள். மூட்டையைக் கட்டினான், தூக்க முடியவில்லை. என்ன மந்திரம் போட்டாய், சொல் என்று வாளை ஓங்கினான். சொல்கிறேன், காதைக் கொடு என்றார் மணமகன். எட்டெழுத்து மந்திரம் காதில் விழுந்தது. கொள்ளைக்காரன் ஆழ்வாரானான். பெரிய திருமொழி உட்பட ஆறு பிரபந்தங்கள் பாடினான்.

இந்தக் கதையைத்தான் வேதராஜபுரத்தை ஒட்டிய திருமணங்கொல்லையில் நடிக்கிறார்கள். பெருமாள் கல்யாணக் கோலத்தில் வருவார். இருட்டிலிருந்து ஆழ்வார் குதிரை மேல் வருவார். அவரைச் சுற்றித் தீவட்டிகளோடு ஆட்கள் ஓடி வருவார்கள். வேட்டியை மடித்து வரிந்து கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, கூவிக்கொண்டு வருவார்கள். பந்தத்துப் புகை கண்ணில் ஏறும். பொறி தோளில் விழும். எண்ணெய் சிந்தக் கூடாது என்ற ஒரே நினைவோடு நான் ஓடினேன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பல வருடங்கள் கழித்துத்தான் இது எனக்கே பிடிபட்டது. கல்யாணக் கோஷ்டியில் நிற்பவர்களை எண்ணிவிடலாம். பல்லக்கைத் தூக்குவோர், குடை பிடிப்போர், பட்டாச்சாரியார், மேளக்காரர். ஒவ்வொரு இடமும் இன்னாருக்கு என்று முன்னமே முடிவாகியிருக்கும். கொள்ளைக் கூட்டத்துக்கு எண்ணிக்கை கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம், ஆயிரம் பேர் வந்தாலும் கூட்டம். கூட வந்தால் இன்னும் நல்லது, கொள்ளை பெரிதாகத் தெரியும். பந்தம் பிடித்து ஓட யாரும் யாரிடமும் உரிமை கேட்டு நான் பார்த்ததில்லை. கூலிக்காரர் ஓடினார், பள்ளி வாத்தியார் ஓடினார், விடுமுறைக்கு வந்த பட்டாளத்துக்காரர் ஓடினார். எண்ணெய்ச் சொம்போடு ஒன்பது வயதுப் பையனுக்கும் அதில் இடம் இருந்தது.

அம்மா, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். மனிதர்கள் கொள்ளையன் வேடத்துக்குப் போவது கொள்ளை பிடித்திருப்பதால் மட்டும் இல்லை. எந்தக் கதையிலும் வருகிறவனுக்கெல்லாம் இடம் கொடுக்கிற பக்கம் அதுதான். யாரோ ஒருவர் கையில் ஏதோ ஒன்றைக் கொடுத்து, இதைப் பிடித்துக்கொண்டு வா என்கிறார். அங்கிருந்து எல்லாம் தொடங்குகிறது.

தாம்பாவுக்கும் ஹேஸ்டிங்ஸுக்கும் இதையே பொருத்திப் பாருங்கள். கடற்படைத் தளபதி வேடம் போட வேண்டுமென்றால் அங்கி சரியாக இருக்க வேண்டும், பொத்தான் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், பதவிக்கு ஏற்ற பட்டை வேண்டும். கொள்ளையன் எப்படியும் உடுத்தலாம். அவன் போட்டிருப்பதே பறித்ததுதானே! ஒருவனிடம் பட்டுச் சட்டை இருக்கும், பக்கத்தில் நிற்பவனிடம் கந்தல் இருக்கும். இரண்டும் சரி. வீட்டில் கிடக்கும் பழைய சட்டையும் ஒரு துண்டுத் துணியும் போதும், முதல் நாள் போய் நிற்கலாம். வாசலில் இத்தனை தாழ்வாகப் படி வைத்த வேடம் வேறு இல்லை.

உள்ளே போன பிறகுதான் படிகள் உயர்கின்றன. வரலாற்று வேடக்காரர்கள் எல்லோரும் நடந்து வந்த வழி இது. முதல் ஆண்டு கடையில் வாங்கிய தொப்பி. அடுத்த ஆண்டு பக்கத்தில் நின்றவர் மெதுவாகச் சொல்வார், அந்தக் காலத்தில் இந்தத் துணி கிடையாது என்று. அதற்கடுத்த ஆண்டு அவனே ஊசி நூலோடு உட்கார்ந்து கையால் தைப்பான். நாம் கொள்ளையர் பேச்சு என்று நினைக்கும் அந்தக் கரகரத்த இழுப்பு, 'புதையல் தீவு' கதை 1950-இல் படமானபோது ராபர்ட் நியூட்டன் என்ற நடிகர் தன் ஊர்ப் பக்கத்துப் பேச்சை வைத்துப் பேசியது. அதைக் கேட்டு மயங்கி உள்ளே வந்தவர்கள், உள்ளே வந்த பிறகுதான் அது நடிகருடைய பேச்சு என்று அறிகிறார்கள். அறிந்த பிறகு விலகிப் போவதில்லை. உண்மையில் எப்படிப் பேசினார்கள் என்று தேட ஆரம்பிக்கிறார்கள். வேடம் முன்னால் வருகிறது, வரலாறு அதன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறது. எனக்கும் அப்படித்தான். ஒன்பது வயதில் எண்ணெய்ச் சொம்பு தூக்கினேன். ஆறாயிரப்படி குருபரம்பரையைத் திறந்து ஆழ்வார் சரித்திரத்தைப் படித்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன்.

அந்த நூலில் ஒரு கப்பல் கதையும் உண்டு. ஆழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் விக்கிரகத்தைக் கவரப் புறப்பட்டபோது, பாக்கு ஏற்றிய வணிகன் ஒருவனின் கப்பலில் ஏறுகிறார். கொட்டைப்பாக்கு ஒன்றை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கப்பலில் போட்டு, இந்தக் கப்பலில் என் பாக்குப் பாதி இருக்கிறது என்று வணிகனிடம் எழுதி வாங்கிக்கொள்கிறார். கரை சேர்ந்ததும் சரக்கில் பாதி என்னுடையது என்று ஓலையை நீட்டுகிறார். அப்படிச் சேர்ந்த பொருள் திருவரங்கத்துத் திருப்பணிக்குப் போனதாகச் சொல்கிறது மரபு. நம்மிடம் உள்ள கடற்கொள்ளைக் கதைகளில் எனக்கு மிகப் பிரியமானது இது. ஒரு துளி ரத்தமும் சிந்தாத கப்பல் கொள்ளை.

நிஜக் கடற்கொள்ளை நம் கரைக்குப் புதிதல்ல. முசிறிக்குப் பக்கத்தில் கொள்ளையர் இருப்பதால் அங்கே இறங்குவது நல்லதல்ல என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானியர் பிளினி எழுதினார். இந்தியா வரும் கப்பல்களில் வில்லாளிகளை ஏற்றி வந்ததையும் அவரே சொல்கிறார். அப்படியிருந்தும் கடற்கொள்ளையர் வேடம் நம் கரையில் விளையாட்டாக வளரவில்லை. காரணம் நினைவுதான் என்று நான் நினைக்கிறேன். கரீபியன் கடல் கொள்ளையரின் காலம் முடிந்து முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. கறுப்புத்தாடி என்று பேர் பெற்றவன் செத்தது 1718-இல். அந்தக் காயம் ஆறிவிட்டது. நமக்கோ 2008 முதலே ஏடன் வளைகுடாவில் இந்தியக் கடற்படை காவல் நிற்கிறது. சோமாலியக் கொள்ளையரிடம் மாதக்கணக்கில் சிக்கிய மாலுமிகளில் நம்மவர்களும் இருந்தார்கள். வாசலில் தொலைபேசிக்காகக் காத்து நின்ற ஒரு தாயின் தெருவில் கண்மூடி கட்டிக்கொண்டு கத்தியை ஆட்ட முடியாது. அந்த வேடத்தை விரும்புகிறவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

தரைக்கு வருவோம். வழிப்பறியை நடித்துப் பார்ப்பது நம்மிடம் ஓர் ஊரோடு நிற்பதில்லை. திருவரங்கத்தில் இராப்பத்து உற்சவத்தின் எட்டாம் நாள் நம்பெருமாள் தங்கக் குதிரையில் மணல்வெளிக்கு எழுந்தருளுவார். ஸ்ரீபாதம் தாங்கிகள் அவரைச் சுமந்தபடி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடுவார்கள், அதற்கு வையாளி என்று பெயர். அங்கேயும் வேடுபறி உண்டு. சைவத்துக்கு வந்தால் அவிநாசிக்குப் பக்கத்தில் திருமுருகன்பூண்டி. அங்கே கதை தலைகீழ். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரைச் சிவபெருமானே தன் பூதகணங்களை வேடுவராக அனுப்பிப் பறித்துக்கொள்கிறார். சுந்தரர் கோபித்துக்கொண்டு பாடுகிறார், பொருள் திரும்பி வருகிறது. மாசித் திருவிழாவில் அதை நடத்துகிறார்கள். ஒரு தலத்தில் கடவுளைக் கொள்ளையடிக்கிறார்கள், இன்னொரு தலத்தில் கடவுளே கொள்ளையடிக்கிறார். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஆண்டுதோறும் நடித்துவரும் மக்கள் நாம்.

இன்னும் பின்னே போனால் சிலப்பதிகாரத்து வேட்டுவ வரி. பாலை நிலத்து எயினர்கள் ஆறலைத்து, அதாவது வழிப்பறி செய்து, பிழைத்தவர்கள். அவர்கள் தங்கள் குடிப்பெண் ஒருத்தியைக் கொற்றவையாகக் கோலம் புனைகிறார்கள். பிறை நிலாவுக்குப் பன்றிக் கொம்பு, தாலிக்குப் புலிப்பல், உடைக்குப் புலித்தோல், கையில் வில், ஏறிச் செல்லக் கலைமான். எது எதற்குப் பதில் எது என்று ஒவ்வொன்றாக இளங்கோவடிகள் சொல்லிக்கொண்டு போவார். கையில் கிடைத்ததை வைத்து இன்னொன்றாக மாறுவதுதான் வேடக்கலை. காட்டில் தங்கம் கிடைக்காது, பன்றிக்கொம்பு கிடைக்கும்.

நொண்டி நாடகத்தையும் விட்டுவிடக் கூடாது. மேடையில் நின்று கதை சொல்பவனே திருடன். பொருளை எல்லாம் தாசியிடம் இழந்து, குதிரை திருடப் போய் அகப்பட்டு, கால் வெட்டுண்டவன். ஒற்றைக் காலை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கதையைத் தானே பாடி ஆடுவான். கீழக்கரை வள்ளல் சீதக்காதி பேரிலும் இப்படி ஒரு நாடகம் இருக்கிறது. பேராசிரியர் வித்தியானந்தன் 1960-களில் இலங்கைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் கூத்துக்குப் புத்துயிர் கொடுத்தபோது மேடை ஏற்றியவற்றில் இராவணேசனும் உண்டு, நொண்டி நாடகமும் உண்டு.

இலங்கைக் கூத்து என்றதும் மட்டக்களப்பைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்தப் பக்கத்து ஊர்களில் விவசாயிகளும் மீனவர்களும்தான் கூத்தாடுவார்கள். கூத்தைக் கற்றுக்கொடுக்கும் அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து, உனக்கு இன்ன பாத்திரம் என்று பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டைக் கையில் கொடுப்பார். அதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி, சதங்கை அணியும் நாள், கடைசியில் அரங்கேற்றம். அங்கேயும் தொடக்கம் ஒருவர் கையில் ஒன்றைக் கொடுப்பதுதான். எனக்கு எண்ணெய்ச் சொம்பு, அவர்களுக்கு ஏடு. குலசேகரப்பட்டினத்துத் தசராவில் மாலை போட்டு, விரதம் இருந்து, காளியாகவும் குறவனாகவும் பிச்சைக்காரராகவும் வேடம் கட்டுகிறவர்கள் தட்டேந்திப் போகிறார்கள். அந்தக் காணிக்கைத் தட்டும் அப்படி ஒன்றுதான். தட்டைக் கையில் வாங்கிய பிறகு வெட்கம் போய்விடுகிறது என்று ஒரு வங்கி ஊழியர் என்னிடம் சொன்னார். அலுவலகத்தில் நிமிர்ந்து பேசாத மனிதர் அவர்.

நாம் வாழும் இந்தத் தில்லியிலேயே ஆண்டுக்கு ஒருமுறை இது நம் கண்முன் நடக்கிறது. நவராத்திரிக்கு எந்தப் பூங்காவில் ராம்லீலா நடந்தாலும் பாருங்கள். ராமன் ஒருவன்தான், சீதை ஒருத்திதான். தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வானர சேனையில் வால் காத்திருக்கிறது. என் மகனுக்கு ஏழு வயதில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் பழைய துப்பட்டாவைச் சுருட்டி வால் தைத்துக் கொடுத்தார். அதுவரை இந்த ஊரில் அவனுக்கு ஒரு சிநேகிதன் இல்லை. இந்தி பேசத் தயங்குவான். வால் கட்டிய முதல் இரவே பத்துப் பேரோடு மேடையில் குதித்தான். குரங்குக்கு வசனம் கிடையாது, ஆகையால் மொழி குறுக்கே நிற்கவில்லை. அவன் இன்று வளர்ந்து வேறு நாட்டில் இருக்கிறான். தில்லி எப்போது உன் ஊரானது என்று கேட்டால் அந்த வாலைத்தான் சொல்கிறான்.

திரும்பவும் திருமணங்கொல்லைக்குப் போகிறேன். ஓட்டமும் கூச்சலும் ஒரு கட்டத்தில் நிற்கும். மந்திரம் காதில் விழும் நேரம் அது. பந்தங்கள் எரியும் படபடப்பு மட்டும் கேட்கும். அந்த மௌனத்தில் கொள்ளைக் கூட்டத்தில் நின்றவன் ஒவ்வொருவனும் தன் காதிலும் ஏதோ விழுமா என்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மணமகன் வந்தது போலவே திரும்பிப் போவார். மேளக்காரரும் குடைக்காரரும் வந்தது போலவே போவார்கள். வேறு ஆளாகத் திரும்புகிறவன் கொள்ளைக்காரன் ஒருவன்தான். ஊர் முழுக்க அவன் பக்கம் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று, இத்தனை வயதுக்கு மேல், எனக்குப் படுகிறது.

இந்தப் பங்குனிக்கு நான் ஊருக்குப் போகிறேன். இந்தப் பெண்ணும் அவள் அப்பாவும் கூட வருகிறார்கள். சென்னையில் வண்டி மாறிச் சீர்காழியில் இறங்க வேண்டும். மாமா இப்போது இல்லை, அவர் பேரன் பந்தம் கட்டுகிறான். நேற்று தொலைபேசியில் பேசினேன். பந்தத்துக்கு ஆள் நிறைய இருக்கிறார்களாம், எண்ணெய் ஊற்றத்தான் ஆள் பற்றவில்லையாம். வேறு யாராவது வருவதாக இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். பயணச்சீட்டை நாளைக்குள் எடுத்துவிட வேண்டும்.